சாப்பிட்டால் வலிக்கிறது: குடலின் ரத்தக்குழாயை டாப்ளர் பார்க்கும் விதம்

பசிக்கவில்லை என்பது வேறு. பசிக்கிறது, ஆனால் சாப்பிடப் பயமாக இருக்கிறது என்பது வேறு. அறுபதைத் தாண்டிய ஒருவர் இரண்டாவதைச் சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். இரண்டு இட்லி சாப்பிடுகிறார். அரைமணி நேரத்தில் தொப்புளுக்கு மேலே வலி பிடிக்கிறது. ஒரு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம்கூட நிற்கிறது. அப்புறம் தானாக விட்டுவிடுகிறது. மத்தியானம் சாப்பிட்டால் மறுபடியும் அதே கதை. மனிதர் மெதுவாகக் கணக்குப் போட ஆரம்பிக்கிறார்: குறைத்துச் சாப்பிட்டால் குறைவாக வலிக்கும். இரண்டு இட்லி ஒன்றாகிறது, சோறு கஞ்சியாகிறது, ஆறு மாதத்தில் சட்டை தோளில் தொங்குகிறது. வீட்டில் எல்லோரும் கேஸ் என்கிறார்கள். கேஸ் மாத்திரை, அப்புறம் எண்டோஸ்கோப்பி, அப்புறம் சாதாரண வயிற்று ஸ்கேன். எதிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் காரணம் வேறாகத்தான் இருக்கும். குடல்புண், பித்தப்பைக் கல், கணையக் கோளாறு, புற்றுநோய் என்று முதலில் தேடுவதுதான் முறை. எடை குறைந்துகொண்டே போனால் புற்றுநோயைத் தேடாமல் விடவே கூடாது. அப்படித் தேடியும் எதுவும் சிக்காதபோது ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குடலுக்குப் போகிற ரத்தம் போதுமா?

மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது என்று யாராவது சொன்னால் இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்குமோ என்று நாம் எல்லோருமே யோசிப்போம். குடலுக்கு மாடிப்படி என்பது சாப்பாடு. சும்மா இருக்கும்போது கொஞ்சம் ரத்தம் போதும். சாப்பாடு வந்துவிட்டால் அரைக்க, சுரக்க, உறிஞ்ச என்று வேலை கூடிவிடும், ரத்தமும் கூடுதலாக வேண்டும். குழாய் குறுகியிருந்தால் அந்தக் கூடுதலைக் கொடுக்க முடியாது, அதுதான் வலி. இதைக் குடல் ஆஞ்சைனா என்று சொல்வதும் உண்டு. 1936-ல் டன்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர், குடல் தமனி அடைத்து இறந்துபோன 12 பேரின் பழைய குறிப்புகளைப் புரட்டினார். அவர்களில் 7 பேர் அதற்கு வாரங்கள், மாதங்கள், சிலர் ஆண்டுகள் முன்பிருந்தே வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வலி முன்கூட்டியே வந்து கதவைத் தட்டியிருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் கருவி அன்றைக்கு இல்லை.

எந்தக் குழாய்கள் என்று பார்த்துவிடலாம். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்குகிறது. அதன் முன்பக்கத்திலிருந்து மூன்று கிளைகள் குடல் பக்கம் போகின்றன. முதலில் சீலியாக் தமனி. இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் எல்லாம் இதன் பங்கு. அதற்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே மேல்குடல் தமனி. சிறுகுடலில் பெரும்பகுதியும் பெருங்குடலின் முதல் பாதியும் இதை நம்பித்தான் இருக்கின்றன. இன்னும் கீழே, சின்னதாகக் கீழ்க்குடல் தமனி, பெருங்குடலின் மிச்சத்துக்கு. ரிப்போர்ட்டில் எஸ்.எம்.ஏ. என்று போட்டிருந்தால் அது நடுவில் உள்ள மேல்குடல் தமனி. இந்தக் கட்டுரையின் நாயகன் அதுதான். சராசரியாக ஆறேழு மில்லிமீட்டர் விட்டம், ஒரு பென்சிலின் தடிமன். உடம்பில் ஓடும் மொத்த ரத்தத்தில் சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த மூன்று கிளைகளின் வழியாகப் போகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறுகல் பெரும்பாலும் வருவது கிளை பிரியும் வாயிலேயே, முதல் சில சென்டிமீட்டருக்குள். காரணம் பழைய கதைதான்: சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிவது. புகைபிடித்தவர்கள், ஏற்கெனவே இதயத்திலோ காலிலோ அடைப்பு உள்ளவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். இதய அடைப்பு என்றால் ஆண்கள் முகம்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் குடல் அடைப்பால் வலி என்று வருபவர்களில் பெண்களே அதிகம்.

மூன்று குழாய்களும் தனித்தனித் தீவுகள் அல்ல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சின்னச் சின்ன இணைப்புகள் உண்டு. ஒரு வாய்க்கால் தூர்ந்தால் பக்கத்து வாய்க்காலிலிருந்து தண்ணீர் திருப்பிவிடுவது போல, ஒரு தமனி மெதுவாக அடைபடும்போது மற்றது கைகொடுத்துவிடும். அதனால்தான் ஒரே ஒரு தமனி குறுகினால் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. வழக்கமாக இரண்டாவது கெட்டால்தான் வலி. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 553 பேருக்கு டாப்ளர், அதாவது ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் ஸ்கேன், பார்த்தபோது 97 பேருக்கு, அதாவது சுமார் ஆறில் ஒருவருக்கு, சொல்லும்படியான குறுகல் இருந்தது. அவர்கள் எல்லாம் வயிற்றுவலி என்று வந்தவர்கள் அல்ல, சும்மா இருந்தவர்கள். ஸ்கேனில் குறுகல் தெரிந்தால் மட்டும் அது நோயாகிவிடாது, சாப்பிட்டால் வரும் வலியும் எடைக் குறைவும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டாம்.

சரி, ஸ்கேன். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற அதே இயந்திரம்தான். ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் வரைகிறது. ஆனால் வயிற்றின் ஆழத்தில் ஆறு மில்லிமீட்டர் குழாய். அதன் உள்சுவரில் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைப் படத்தில் அளவுகோல் வைத்து அளப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் இயந்திரம் ஒரு குறுக்குவழி எடுக்கிறது. குறுகலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, குறுகலின் வழியே ஓடும் ரத்தத்தின் வேகத்தைக் கேட்கிறது.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ரப்பர் டியூபின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், இல்லையா? வழி சிறுத்தால் வேகம் கூடும். ரத்தமும் அப்படித்தான். கணக்குப் பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். குழாயின் விட்டம் பாதியானால் வழியின் பரப்பு பாதியாவதில்லை, கால் பங்காகிறது. விட்டத்தில் 70 சதவீதம் போய்விட்டால் மிஞ்சும் பரப்பு வெறும் 9 சதவீதம். ரிப்போர்ட்டில் 50 சதவீதம் என்று படித்துவிட்டு பாதி வழி திறந்திருக்கிறதே என்று ஆறுதல் படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே சமயம் உடம்பு நிறைய மிச்சம் வைத்துத்தான் குழாயைக் கட்டியிருக்கிறது. 50 சதவீதத்தில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வருவது அபூர்வம். அதனால்தான் மருத்துவர்கள் 70 என்ற எல்லையைத் தேடுகிறார்கள்.

வேகத்தை எப்படிக் கேட்பது? ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறீர்கள். ஹாரன் அடித்தபடி வரும் ரயிலின் ஓசை நெருங்கும்போது கீச்சென்று இருக்கிறது, நம்மைத் தாண்டியதும் சட்டென்று தணிந்துவிடுகிறது. ஹாரன் மாறவில்லை, ரயிலின் ஓட்டம்தான் ஓசையை மாற்றுகிறது. 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் இதைச் சொன்னது விண்மீன்களின் நிறத்தை விளக்க. மூன்று வருடம் கழித்து நெதர்லாந்தில் பைஸ் பாலோட் என்பவர் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி அனுப்பி, தரையில் இசை காது உள்ளவர்களை நிற்கவைத்துச் சோதித்தார். மருத்துவத்துக்குள் இதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜப்பானின் ஷிகெயோ சதோமுரா, 1950-களில். வயிற்றுக்குள் ரயில் என்பது சிவப்பணு. ஓடிக்கொண்டிருக்கும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். எவ்வளவு மாறியதோ அதை வைத்து வேகத்தைக் கணக்கிடலாம்.

நான் ரொம்ப ரசிக்கிற விஷயம் ஒன்று இதில் உண்டு. கருவி அனுப்பும் ஒலி வினாடிக்கு 30 லட்சம் அதிர்வுகள். மனிதக் காதுக்கு எட்டவே எட்டாது. ஆனால் ரத்தம் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால் திரும்பிவரும் ஒலிக்கும் அனுப்பிய ஒலிக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 2,000 அதிர்வுகள். அது காதுக்கு நன்றாகக் கேட்கும். அதனால் ஸ்பீக்கரைத் திறந்தால் உங்கள் ரத்தத்தை நீங்களே கேட்கலாம். உஷ்... உஷ்... என்று நாடிக்கு நாடி வரும். எந்த இடத்தின் வேகத்தை அளக்கிறோம் என்று திரையில் காட்டும் குறி குறுகலுக்குள் நுழைந்ததும் அந்த உஷ் சீறலாகிவிடும், விசில் மாதிரி. அனுபவப்பட்டவர்கள் திரையில் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே காதால் பிடித்துவிடுவார்கள்.

ஸ்கேன் அறைக்குள் போவோம். காலையில் வெறும் வயிற்றில் வரச்சொல்வார்கள், ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது. காபி கூடாது, சூயிங்கம் கூடாது, சிகரெட் கூடவே கூடாது. சிகரெட்டும் சூயிங்கமும் காற்றை விழுங்கவைக்கும். ஒலி காற்றைத் தாண்டாது, குடலில் காற்று நிறைந்திருந்தால் திரையில் வெறும் சாம்பல்தான். சாப்பாட்டுக்கு இன்னொரு காரணம். சாப்பிட்ட பிறகு மேல்குடல் தமனியில் ரத்தம் இயல்பாகவே வேகமாக ஓடும். அப்போது அளந்தால் இல்லாத குறுகல் இருப்பது போலத் தோன்றும். பிஸ்கட்தானே என்று இரண்டைக் கடித்துவிட்டு வந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மருந்தை எப்படி எடுப்பது என்று உங்கள் மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

மல்லாந்து படுக்கச் சொல்லி, வயிற்றில் ஜில்லென்று ஜெல் தடவி, நெஞ்செலும்புக்குக் கீழே கருவியை வைத்து அழுத்துவார்கள். இந்த அழுத்தம் வழக்கமான ஸ்கேனைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும், குறுக்கே நிற்கும் குடலை ஒதுக்கத்தான். பெருந்தமனி கறுப்புப் பட்டையாகத் தெரியும். சீலியாக் தமனி மேலெழுந்து இரண்டாகப் பிரியும் இடம், சிறகு விரித்த கடற்பறவை மாதிரி இருக்கும். பாடப்புத்தகங்களிலும் அந்தப் பெயர்தான். அதற்குக் கீழே மேல்குடல் தமனி கிளம்பி, வளைந்து, பெருந்தமனிக்கு இணையாகக் காலை நோக்கி இறங்கும். வண்ணத்தைப் போட்டால் ஓட்டம் சிவப்பு, நீலமாகத் தெரியும். இந்த வண்ணத்துக்கும் சுத்த ரத்தம், அசுத்த ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. கருவியை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதுதான். குறுகிய இடத்தில் நிறங்கள் குழம்பி, திரையில் மத்தாப்பு கொளுத்தினது போல ஆகிவிடும். அங்கேதான் குறியை வைத்து அளக்க வேண்டும்.

அளக்கும்போது கோணம் ஒரு பெரிய தலைவலி. தூரத்தில் நமக்குக் குறுக்காகப் போகும் ரயிலின் ஹாரன் மாறுவதே இல்லை அல்லவா? அதுபோல ரத்தம் ஓடும் திசைக்குச் செங்குத்தாக ஒலியை அனுப்பினால் வித்தியாசம் பூஜ்ஜியம். ஆகவே சாய்வாக, 60 பாகைக்குள் வைத்து அளக்க வேண்டும் என்பது விதி. ஏன் இந்த 60? 30 பாகையில் 5 பாகை தவறினால் வேகக் கணக்கில் 6 சதவீதம்தான் பிசகும். 60-ல் அதே 5 பாகை தவறினால் 18 சதவீதம் பிசகும். வளைந்து நெளிந்து கிளம்பும் தமனியில், மூச்சு விடும் மனிதரில், இந்த 5 பாகை தவறுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் வருவதற்கு ஒரு காரணம் இது.

இப்போது ரிப்போர்ட்டில் உள்ள எண். இயல்பான மேல்குடல் தமனியில், வெறும் வயிற்றில், ஒவ்வொரு துடிப்பிலும் உச்ச வேகம் வினாடிக்கு 100 முதல் 150 சென்டிமீட்டர் என்று பெரும்பாலும் இருக்கும். எதற்கு மேல் போனால் குறுகல்? 1991-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கிரெகரி மொனேட்டாவின் குழு, ஆஞ்சியோ (சாய மருந்து செலுத்திக் குழாயைப் படம் எடுப்பது) எடுத்தவர்களின் டாப்ளர் எண்களோடு ஒப்பிட்டு ஒரு எல்லை போட்டது: மேல்குடல் தமனியில் 275, சீலியாக்கில் 200. அதைத் தாண்டினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ குறுகல். 1993-ல் 100 பேரிடம் முன்கூட்டியே திட்டமிட்டுச் சோதித்தபோதும் இது நன்றாகத் தாக்குப்பிடித்தது. பிறகு 2012-ல் இன்னொரு அமெரிக்க மருத்துவரான அபுரஹ்மாவின் குழு, அந்த எல்லை கொஞ்சம் இளகலாக இருக்கிறது, 70 சதவீதம் என்று சொல்ல மேல்குடலுக்கு 400, சீலியாக்குக்கு 320 வேண்டும் என்றது. ஆக உங்கள் ரிப்போர்ட்டில் 300 என்று இருந்தால் ஒரு ஸ்கேன் சென்டர் கடுமையான குறுகல் என்றும் இன்னொன்று மிதமானது என்றும் எழுத வாய்ப்பு உண்டு. இருவரும் தப்பு செய்யவில்லை, பின்பற்றும் அளவுகோல் வேறு. எந்த அளவுகோல் என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் வேறு விதமாகவும் ஏமாறலாம். சீலியாக் முழுக்க அடைத்துப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்குடல் தமனி தன் வேலையோடு அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. தனக்குக் குறுகலே இல்லாவிட்டாலும் அங்கே வேகம் கூடியிருக்கும். நேர்மாறாக, கிட்டத்தட்ட முழுக்க மூடிப்போன குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் ரத்தம் போகும், வேகமும் விழுந்துவிடும். அதனால் ஸ்கேன் பார்க்கும் நல்ல மருத்துவர் (சோனாலஜிஸ்ட்) எண்ணோடு நிற்காமல் குறுகலைத் தாண்டிய இடத்தில் ஓட்டம் கலங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார். கல்லீரலுக்குப் போகும் கிளையையும் பார்ப்பார். அதில் ரத்தம் பின்னோக்கி ஓடினால், சீலியாக்கின் வாய் அடைத்துவிட்டது, ரத்தம் கொல்லைப்புற வழியாக வருகிறது என்று அர்த்தம். இந்த ஒரு அடையாளத்தை எனக்கு எண்களைவிடப் பிடிக்கும். கோணம் தவறினால் எண் மாறும், திசை அவ்வளவு சுலபமாக மாறாது.

துடிப்புக்குத் துடிப்பு வேகம் ஏறி இறங்குவதைத் திரையில் ஒரு அலையாக வரைந்து காட்டும். அந்த அலையின் வடிவமும் பேசும். வெறும் வயிற்றில் மேல்குடல் தமனியின் அலை கூர்மையாக எழுந்து, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் கிட்டத்தட்டத் தரைக்கு வந்துவிடும். பசித்த குடலுக்கு ரத்தம் அதிகம் வேண்டாம், கதவைச் சாத்திவைத்திருக்கிறது. சாப்பிட்டு அரைமணியில் பார்த்தால் அதே அலை, இரண்டு துடிப்புக்கு நடுவிலும் நன்றாக உயர்ந்தே ஓடும். கல்லீரலும் மண்ணீரலும் எப்போதும் கதவைத் திறந்தே வைத்திருப்பதால் சீலியாக்கின் அலை சாப்பிடும் முன்பும் பின்பும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான்.

நடுவில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள், அப்புறம் முழுக்க வெளியே விடச் சொல்வார்கள். சிலருக்கு உதரவிதானத்தின் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையின்) ஒரு தசைநார் சீலியாக் தமனியின் மேல் குறுக்கே அழுத்திக்கொண்டிருக்கும். மூச்சை விட்டால் அழுத்தம் கூடி வேகம் ஏறும். இழுத்தால் தளர்ந்து இறங்கும். கொழுப்புப் படிந்த குறுகல் மூச்சுக்கெல்லாம் அசையாது. இந்த அழுத்தம் ஒல்லியான இளம் பெண்களிடம் கூடுதலாகத் தெரியும். பலருக்கு எந்தத் தொந்தரவும் தராது. வைத்தியமும் வேறு. முதலில் அந்தத் தசைநாரை விடுவிக்க வேண்டும், அதை விட்டுவிட்டு ஸ்டென்ட் மட்டும் வைப்பதில் பலனில்லை.

டாப்ளரின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பருமனான உடம்பு, காற்று நிறைந்த குடல், மூச்சைப் பிடிக்க முடியாத நோயாளி என்றால் பார்க்க முடியாமலே போகலாம். கிளையின் தொடக்கம்தான் நன்றாகத் தெரியும், உள்ளே தூரத்தில் போகப் போக ஒன்றும் தெரியாது. கீழ்க்குடல் தமனி பலருக்குக் கண்ணிலேயே படாது. பார்ப்பவரின் கைப்பழக்கம் மிகமிக முக்கியம். ஆனால் ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய சாய மருந்து இல்லை, செலவும் கம்மி. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் என்பதால் இந்தக் கடைசி விஷயம் சாதாரணமானதல்ல. டாப்ளரில் குறுகல் சந்தேகப்பட்டால் அடுத்தது சி.டி. ஆஞ்சியோ, சிகிச்சை முடிவு அதற்குப் பிறகுதான்.

ஒரே ஒரு இடத்தில் டாப்ளருக்காகக் காத்திருக்கவே கூடாது. திடீரென்று, முன்பின் இல்லாத கடுமையான வயிற்றுவலி. ஆள் துடிக்கிறார், ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கிறது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். இது ரத்தக்கட்டி வந்து குழாயை ஒரேயடியாக அடைத்ததாக இருக்கலாம். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். காலையில் வெறும் வயிற்றில் ஸ்கேன் சென்டருக்குப் போவோம் என்று விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. அப்போதே அறுவை வசதியும் சி.டி.யும் உள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நாள்பட்ட குறுகலுக்கு இப்போது பெரும்பாலும் கை அல்லது தொடை வழியாகக் குழாய் செலுத்தி ஸ்டென்ட் வைக்கிறார்கள். அது சரிப்படாதவர்களுக்குப் பைபாஸ். வலி நிற்கிறது, மனிதர் மறுபடியும் சாப்பிட ஆரம்பிக்கிறார். ஆனால் ஸ்டென்ட் வைத்த இடம் திரும்பக் குறுகுவது உண்டு, அதைக் கண்காணிப்பதும் டாப்ளர்தான். இங்கே ஒரு சின்னச் சிக்கல்: ஸ்டென்ட் உள்ள குழாய் விறைப்பாக இருப்பதால், நன்றாகத் திறந்திருந்தாலும் அதில் வேகம் கூடுதலாகவே காட்டும். 275, 400 என்ற எல்லைகள் அங்கே அப்படியே பொருந்தாது. அதனால் ஸ்டென்ட் வைத்த சில வாரங்களுக்குள் ஒரு டாப்ளர் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த முதல் எண்தான் பிறகு வரும் எல்லா எண்களுக்கும் அளவுகோல். அந்த ரிப்போர்ட்டை ஃபைலில் மேலாக வைத்து, ஒவ்வொரு முறை ஸ்கேனுக்குப் போகும்போதும் கையோடு எடுத்துப் போங்கள்.